வான்கூவர் நீர்முகப்புக் குடியிருப்பு: எது நின்றது, எது கரைந்தது

நீர்க்கரையில் கட்டப்படும் பசுமைக் குடியிருப்புகளைப் பற்றிப் பேசும்போது, கனடாவின் வான்கூவர் நகரில் ஃபால்ஸ் கிரீக் தென்கிழக்குக் கரையில் எழுந்த ஒலிம்பிக் கிராமத்தைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அங்கே விருதுக்குரிய வடிவமைப்பும் உண்டு, ஒரு நகராட்சியைக் கிட்டத்தட்டக் கவிழ்த்த நிதிச் சிக்கலும் உண்டு. இரண்டும் ஒரே மண்ணில், ஒரே ஆண்டுகளில் நடந்தவை. பெரும்பாலான கட்டுரைகள் ஏதாவது ஒரு பாதியை மட்டும் சொல்கின்றன. இந்த ஆய்வு இரண்டையும் காலவரிசைப்படி சேர்த்துப் பார்க்கிறது. சம்பந்தப்பட்ட மேயர்கள், அதிகாரிகள், கட்டுநர்கள் ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நம் அக்கறை அவர்கள் எடுத்த முடிவுகளில்தான்.

இடமும் முன்கதையும்

ஃபால்ஸ் கிரீக் என்பது நகரின் நடுவே நுழையும் சிறு கடற்கழி. முஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேல்-வாட்டூத் ஆகிய பூர்வகுடி மக்களின் நீர்நிலம் அது. ஒரு காலத்தில் இன்றைவிட இன்னும் கிழக்கே நீண்டிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி ரயில் நிலையங்களுக்காக அதன் கிழக்கு முனையைத் தூர்த்தார்கள். மீதிக் கரை முழுக்க மர அறுவை ஆலைகள், கப்பல் கட்டும் தளங்கள், வார்ப்பாலைகள் என்று வந்துவிட்டன. தென்கிழக்கு மூலையில் எஃகு ஆலையும், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து வந்த உப்பைச் சுத்திகரிக்கும் ஒரு பெரிய மரக் கட்டடமும் இருந்தன. பல பத்தாண்டுகளின் எண்ணெய்க் கசடும் உலோகக் கழிவும் மண்ணில் இறங்கியிருந்தன.

1970களில் இதே கழியின் தென்கரையை நகரம் ஒருமுறை மாற்றிக் காட்டியது. ஆலைகளை அகற்றி, தாழ்வான கட்டடங்களும் கூட்டுறவு வீடுகளும் கட்டினார்கள். குறைந்த வருமானம், நடுத்தர வருமானம், உயர் வருமானம் என்று மூன்றிலொரு பங்கு வீதம் மக்கள் கலந்து வாழ வேண்டும் என்பது அன்றைய கொள்கை. நிலத்தை நகரம் விற்கவில்லை, நீண்ட காலக் குத்தகைக்குத்தான் கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது அளவுகோல்.

வடகரையின் கதை வேறு. 1986 உலகக் கண்காட்சி முடிந்த பிறகு அந்த நிலம் 1988-ல் மொத்தமாக ஹாங்காங் முதலீட்டாளர் ஒருவருக்கு விற்கப்பட்டது. அங்கே மெலிந்த கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. எஞ்சியிருந்தது தென்கிழக்கு மூலை. மொத்தம் சுமார் 80 ஏக்கர், அதில் 50 ஏக்கர் அளவுக்கு நகரத்துக்கே சொந்தம்.

முதல் தீர்மானங்கள், 1991 முதல் 2005 வரை

இந்த மூலையை நிலைத்த வளர்ச்சிக்கான முன்மாதிரிக் குடியிருப்பாக உருவாக்கலாம் என்ற எண்ணம் 1991-லேயே நகர மன்றத்தில் பிறந்தது. அப்புறம் எட்டு ஆண்டுகள் ஆய்வும் விவாதமுமாகப் போயிற்று. 1999-ல் கொள்கை அறிக்கை வந்தது. ஆற்றல், மழைநீர், கழிவு, நகர வேளாண்மை, போக்குவரத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆய்வுகள் நடந்தன. அக்கம்பக்கத்தவரும் சூழலியல் ஆர்வலர்களும் அடங்கிய குடிமக்கள் குழு ஒன்று தொடர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரைவையும் கேள்வி கேட்டது. இவ்வளவு தாமதமா என்று பலர் சலித்துக்கொண்டார்கள். என் பார்வையில் இந்தத் தாமதம்தான் திட்டத்துக்குக் கிடைத்த பெரிய வரம். பின்னால் அவசரம் வந்தபோது, எதைக் கைவிடக் கூடாது என்பது ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டிருந்தது.

2003 ஜூலையில் 2010 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பு வான்கூவருக்குக் கிடைத்தது. வீரர்கள் தங்கும் கிராமத்தைத் தென்கிழக்குக் கரையில் கட்டுவது என்பது விண்ணப்பத்திலேயே இருந்தது. விளையாட்டு முடிந்த பிறகு அது நிரந்தரக் குடியிருப்பாக மாறும். அதுவரை திட்டத்துக்குக் கெடு எதுவும் இல்லை. இப்போது நகர்த்தவே முடியாத கெடு ஒன்று வந்து உட்கார்ந்தது: 2009 இறுதிக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

2005-ல் அதிகாரபூர்வ வளர்ச்சித் திட்டம் நிறைவேறியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கும் பகுதி. நகரத்துக்குச் சொந்தமான நிலத்தில் மூன்றிலொரு பங்கு மலிவு வாடகை வீடுகள், மூன்றிலொரு பங்கு நடுத்தர வருமானத்தாருக்கு எட்டும் வீடுகள், மீதி சந்தை விலை வீடுகள். 1970களின் கொள்கை மறுபடி உயிர்பெற்றது. தரைத்தளக் கடைகள், சமூக மையம், குழந்தைகள் காப்பகம், பள்ளிக்கு மனை, கரையோரப் பூங்கா, டிராம் வண்டிக்கு ஒதுக்கிய பாதை எல்லாம் ஒரே திட்டத்தில் இருந்தன.

கணக்கு மாறிய ஆண்டு

2005 இறுதியில் நகரத் தேர்தல் நடந்து புதிய மன்றம் வந்தது. 2006 தொடக்கத்திலேயே மூன்றிலொரு பங்குக் கணக்கு திருத்தப்பட்டது. மலிவு வீடுகள் 20 விழுக்காடாகக் குறைந்தன. நடுத்தர வருமானத்தாருக்கான பங்கு அப்படியே எடுக்கப்பட்டது. நகரத்தின் சொத்து நிதியத்துக்கு நிலத்திலிருந்து வருவாய் வர வேண்டும், மண்ணைச் சுத்தம் செய்யவும் சாலை, குழாய் போடவும் ஆகும் செலவை நிலமே ஈட்ட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பொறுப்பற்ற வாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நகராட்சி நிதியைக் காப்பதும் அவர்கள் கடமைதான்.

அதே ஆண்டில் கிராமம் அமையவிருந்த பகுதிக்கு ஏலம் நடந்தது. மூன்று நிறுவனங்கள் போட்டியிட்டன. அதிக விலை கேட்ட நிறுவனம் தேர்வானது. விலை 19.3 கோடி டாலர். கைக்கு வந்த முன்பணம் 2.9 கோடி டாலர், மீதி பிற்பாடு. வீட்டுச் சந்தை உச்சத்தில் இருந்த நேரம் அது, எல்லோரும் அது இன்னும் ஏறும் என்றே நம்பினார்கள்.

திட்டத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது இந்த ஏலம்தான் என்று நினைக்கிறேன். தென்கரையில் குத்தகை, தென்கிழக்கில் விற்பனை. உச்ச விலைக்கு நிலத்தை வாங்கியவர், அந்த விலையை வீடுகளின் விலையில்தான் மீட்க முடியும். வீடுகள் ஆடம்பரமாக இருந்தால்தான் அந்த விலைக்குப் போகும். ஆக, எளிய குடியிருப்பாகத் தொடங்கியது விலையுயர்ந்த சமையலறைச் சாதனங்களும் பளிங்குமாக மாறியதற்கு வடிவமைப்பாளர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை.

கரை, கட்டடம், குழாய்

வடிவமைப்பில் முதலில் கவனிக்க வேண்டியது உயரம். வான்கூவர் என்றாலே கோபுரம் என்றாகிவிட்ட காலத்தில், இங்கே நடுத்தர உயரக் கட்டடங்களையே தேர்ந்தெடுத்தார்கள். நீரை ஒட்டித் தாழ்வாகவும் தெற்கே சாலைப் பக்கம் போகப் போக உயரமாகவும் அவை அமைந்தன. பின்வரிசையிலும் வெயில் விழும், கழியும் தெரியும். ஒவ்வொரு மனைத்தொகுதிக்கும் நடுவே முற்றம் விட்டதால், பல வீடுகளுக்கு இரண்டு பக்கமும் சன்னல் வைத்துக் குறுக்குக் காற்று வர வழி செய்ய முடிந்தது. கூரைப் பரப்பில் சுமார் பாதி பசுமைக் கூரையானது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் விட்டார்கள்.

கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீர்முகப்பு என்றால் பொதுவாக நேர்கோட்டில் ஒரு கான்கிரீட் சுவர், அதன் மேல் நடைபாதை, அதோடு முடிந்தது. இங்கே கரையைச் சீரமைக்கும்போது மீன் வாழிடம் கொஞ்சம் இழக்கப்படும் நிலை இருந்தது. இழந்த வாழிடத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்பது கனடிய மீன்வளச் சட்டத்தின் கீழ் இருந்த விதி. அதை நிறைவேற்றக் கரையை ஒட்டி ஒரு சிறு தீவையே உருவாக்கினார்கள். பாறையும் கூழாங்கல்லும் பட்ட மரங்களும் போட்டு, அந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டார்கள். நீர் வற்றும்போது நடந்து போகலாம், ஓதம் ஏறும்போது தீவாகிவிடும். 2009-ல், பல பத்தாண்டுகளாக அந்தப் பக்கமே காணாமல் போயிருந்த ஹெர்ரிங் மீன்கள் தீவின் கரையில் முட்டையிட்டன. ஆலைக் கழிவு ஓடிய கழியில் இது சாதாரண விஷயமில்லை.

தீவுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு ஈரநிலம் வெட்டப்பட்டது. தெருக்களில் விழும் மழைநீர் சாக்கடைக் குழாய்க்குள் போகாமல் இதன் வழியாக நாணல்களுக்கிடையே வடிந்து கழியைச் சேரும். சில ஆண்டுகளில், மரங்களைக் கடித்து வீழ்த்தி அணை கட்டும் பீவர் என்ற விலங்குகள் வந்து குடியேறின. பூங்கா நிர்வாகம் அவற்றை விரட்டவில்லை, மரங்களுக்கு வலை கட்டிவிட்டு அவற்றை இருக்க விட்டது.

எல்லாவற்றிலும் துணிச்சலான முடிவு வெப்ப வழங்கலில்தான் இருந்தது. குளிர் நாடுகளில் வீட்டின் ஆற்றல் செலவில் பெரும்பகுதி அறை வெப்பத்துக்கும் வெந்நீருக்கும் போகிறது. ஒவ்வொரு கட்டடமும் தனக்கென ஒரு பாய்லர் வைப்பதற்குப் பதிலாக, பகுதி முழுவதற்கும் நகரமே ஒரு வெப்ப வழங்கல் நிலையம் நடத்துவது என்று 2006-ல் மன்றம் முடிவெடுத்தது. மரக்கழிவை எரிப்பது பற்றியும் யோசித்தார்கள். கடைசியில் தேர்ந்தெடுத்தது கழிவுநீரை. குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வெளியேறும் நீர் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாகவே இருக்கும், அந்தச் சூட்டைத்தான் நாம் சாக்கடையில் விடுகிறோம். கேம்பி பாலத்தின் தென்முனைக்குக் கீழே கழிவுநீர் உந்து நிலையத்தையும் வெப்ப நிலையத்தையும் சேர்த்தே கட்டினார்கள். கழிவுநீரிலிருந்து ஹீட் பம்ப் சூட்டைப் பிரித்தெடுக்கும். அதை வைத்துக் காய்ச்சிய வெந்நீர் நிலத்தடிக் குழாய்கள் வழியே ஒவ்வொரு கட்டடத்துக்கும் போகும். கடுங்குளிர் நாட்களில் மட்டும் எரிவாயு பாய்லர்கள் துணை நிற்கும். 2010 தொடக்கத்தில் நிலையம் இயங்கத் தொடங்கியது. சுத்திகரிக்காத கழிவுநீரிலிருந்து இந்த அளவில் வெப்பம் எடுத்தது வட அமெரிக்காவில் இதுவே முதல் முறை. ஆண்டு வெப்பத் தேவையில் சுமார் 70 விழுக்காட்டைக் கழிவுநீரிலிருந்தே எடுப்பதாகத் திட்டம்.

இதில் தொழில்நுட்பத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சட்டம். இந்தப் பகுதியில் கட்டப்படும் புதிய கட்டடங்கள் இந்த வெப்ப வலையமைப்பில் இணைந்தாக வேண்டும் என்று துணைவிதி போட்டார்கள். கட்டுநரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் பாதிப் பேர் செலவைக் காரணம் காட்டி ஒதுங்கியிருப்பார்கள், நிலையம் நட்டத்தில் மூழ்கியிருக்கும். நிலையத்தின் ஐந்து புகைபோக்கிகளையும் ஒரு கையின் விரல்களைப் போல அமைத்து, ஆற்றல் உற்பத்திக்கேற்ப நகங்களின் ஒளி நிறம் மாறும்படி செய்தார்கள். மண்ணுக்கடியில் ஓடும் ஒரு சேவையை மக்கள் கண்ணுக்குக் காட்டிய நல்ல யோசனை அது.

வீடுகளுக்குள் கூரையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்ப் பாய்களைப் பதித்து, அவற்றில் நீரை ஓடவிட்டு அறையை வெதுவெதுப்பாக்கும், குளிர்விக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். முதியோருக்கான ஒரு கட்டடத்தை, தான் செலவழிக்கும் ஆற்றலைத் தானே ஈடுகட்டும் இலக்கோடு வடிவமைத்தார்கள். அதன் தரைத்தளத்தில் மளிகைக் கடை. கடையின் குளிர்பதனப் பெட்டிகள் வெளியேற்றும் சூடு மேலே வீடுகளுக்குப் பயன்படும். கலப்புப் பயன்பாடு என்பதைக் கீழே கடை, மேலே வீடு என்ற அடுக்காக மட்டும் பார்க்காமல், ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உதவும் உறவாக அங்கே சிந்தித்திருக்கிறார்கள்.

உப்பு ஆலையின் பழைய மரக் கட்டடத்தை இடிக்காமல் புதுப்பித்துச் சதுக்கத்தின் மையமாக வைத்தார்கள்.

பணம் நின்றபோது

கட்டுநர் நிறுவனம் 2007-ல் நியூயார்க் நிதி நிறுவனம் ஒன்றிடம் 75 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தது. வழக்கமான வங்கிகளைவிட வட்டி அதிகம். நிலத்தின் உரிமை இன்னும் நகரத்திடம் இருந்ததால், கடன் கொடுப்பவர் நகரத்திடம் உத்தரவாதம் கேட்டார். வீடுகள் கெடுவுக்குள் முடியாவிட்டால் ஒலிம்பிக்கே சிக்கலில் மாட்டும் என்ற நிலையில், மன்றம் மூடிய கதவுக்குள் கூடி அந்த உத்தரவாதத்தைக் கொடுத்தது.

2008 செப்டம்பரில் உலக நிதி நெருக்கடி வெடித்தது. கட்டுமானச் செலவோ முதல் கணிப்பைவிட 10 கோடி டாலருக்கு மேல் எகிறியிருந்தது. கடன் கொடுத்த நிறுவனம் பணத்தை நிறுத்தியது. கட்டடங்கள் பாதியில் நின்றன, கெடுவோ ஓராண்டுக்குச் சற்று அதிகம். அக்டோபரில் மன்றம் மறுபடி மூடிய கூட்டத்தில் 10 கோடி டாலர் கொடுத்துத் தாங்க முடிவெடுத்தது. நவம்பர் தேர்தலுக்கு முன்பே அந்தச் செய்தி வெளியில் கசிந்துவிட்டது. ஆளும் தரப்பு தேர்தலில் படுதோல்வி கண்டது.

புதிய மன்றத்தின் முன் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, கடன் கொடுத்தவரோடு இழுபறி நடத்திக்கொண்டே காத்திருப்பது. மற்றொன்று, நகரமே கடனாளியாகி வேலையை முடிப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் அவ்வளவு பெரிய தொகையைக் கடன் வாங்க நகரத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2009 ஜனவரியில் மாகாணச் சட்டமன்றம் ஒரு வார இறுதியில் அவசரமாகக் கூடி நகரச் சாசனத்தைத் திருத்தியது. நகரம் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி, பழைய கடனைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. வேலை தொடர்ந்தது. நவம்பரில் கிராமம் உரிய நேரத்தில் ஒப்படைக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் சுமார் 2,800 வீரர்களும் அலுவலர்களும் அங்கே தங்கினார்கள். அதே மாதம் குடியிருப்புப் பகுதிகளுக்கான லீட் (LEED) என்ற பசுமைக் கட்டட மதிப்பீட்டில் மிக உயர்ந்ததான பிளாட்டினம் தரம் கிடைத்தது.

இந்த முடிவு சரிதானா என்று கேட்டால், அன்றைய நிலையில் வேறு வழியில்லை என்றுதான் சொல்வேன். தவறு 2009-ல் நடக்கவில்லை. ஒரே சங்கிலியில் கெடு, சந்தை, நகர உத்தரவாதம் மூன்றையும் கோர்த்த 2006, 2007 ஆண்டுகளின் முடிவுகளில் அது இருந்தது.

விற்காத வீடுகள்

விளையாட்டு முடிந்தது. மொத்தம் 1,108 வீடுகள். அதில் 737 விற்பனைக்கு, 119 சந்தை வாடகைக்கு, 252 மலிவு வாடகைக்கு. 2007-ல் சந்தை உச்சத்தில் இருந்தபோது 250-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு முன்பதிவு கிடைத்திருந்தது. 2010 மே மாதம் மீதி வீடுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வாங்க ஆளில்லை. நவம்பரில் கட்டுநர் நிறுவனத்தின் ஒப்புதலோடு திட்டம் ரிசீவர் பொறுப்புக்கு, அதாவது கடனை மீட்கச் சொத்தை நிர்வகிக்க நியமிக்கப்படுபவரின் கைக்கு, போனது. அடுத்த பிப்ரவரியில் சராசரியாக 30 விழுக்காடு விலை குறைத்து மறுபடி விற்பனை தொடங்கியது. இப்போது வீடுகள் போக ஆரம்பித்தன. முன்பே முழு விலைக்கு வாங்கியவர்களின் கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நீர்க்கசிவு, சரியாக வேலை செய்யாத வெப்ப அமைப்பு என்று குறைகளைப் பட்டியலிட்டு அவர்களில் பலர் வழக்கும் போட்டார்கள்.

வெப்ப அமைப்பு பற்றிய புகார்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கூரைக் குழாய் முறை மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். திருகியவுடன் சூடு வரும் ஹீட்டரில் பழகியவருக்கு அது கெட்டுப்போனது போலவே தோன்றும். புதிய முறையை நிதானமாகச் சோதித்து, சமன்படுத்தி, குடியேறியவருக்குக் கற்றுக்கொடுக்கக் கெடு நேரம் தரவில்லை. சில குறைகள் உண்மையான கட்டுமானக் குறைகள். மற்றவை அறிமுகம் செய்யாமல் ஒப்படைத்ததன் விளைவு என்பது என் கணிப்பு.

மலிவு வீடுகளின் நிலை இதைவிட வருத்தம் தருவது. 252 வீடுகளின் கட்டுமானச் செலவு 6.5 கோடி டாலரிலிருந்து சுமார் 11 கோடி டாலராக ஏறிவிட்டது. கடன் சுமையில் தவித்த மன்றம் 2010 ஏப்ரலில் அவற்றைப் பாதியாகப் பிரித்தது. 126 வீடுகள் குறைந்த வருமானத்தாருக்கு. மற்ற 126 சந்தை வாடகைக்கு, காவலர், தீயணைப்பாளர், செவிலியர், ஆசிரியர் போன்றோருக்கு முன்னுரிமையோடு. கூட்டுறவு வீட்டுவசதிக் கூட்டமைப்பு நிர்வாகத்தை ஏற்றது. மூன்றிலொரு பங்கு, பிறகு ஐந்திலொரு பங்கு, கடைசியில் அதிலும் பாதி. ஒவ்வொரு முறையும் காரணம் நியாயமாகவே இருந்தது, ஒவ்வொரு முறையும் இழந்தவர்கள் ஒரே தரப்பினர்தான்.

தரைத்தளக் கடைகளும் உடனே வரவில்லை. ஆளில்லாத இடத்துக்குக் கடை வராது, கடையில்லாத இடத்துக்கு ஆள் வரத் தயங்கும். 2011-ல் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் திறந்த பிறகுதான் சதுக்கத்தில் நடமாட்டம் கூடியது. அப்புறம் உணவகங்கள் வந்தன. உப்பு ஆலைக் கட்டடம் மதுக்கூடமானது.

2014 ஏப்ரலில் கடைசி 67 வீடுகளை 9.1 கோடி டாலருக்கு மொத்தமாக விற்று, சுமார் 63 கோடி டாலர் கடனை முழுவதும் அடைத்துவிட்டதாக நகரம் அறிவித்தது. அதற்கு மேல் 7 கோடி டாலரும் மிஞ்சியது. ஆனால் நிலத்துக்காக 2006-ல் பேசிய விலையில் ஒரு பெரும்பகுதி வராமலே போனது. காகிதத்தில் கிடைத்த அந்த உச்ச விலைக்காகத்தான் மலிவு வீடுகளின் பங்கு முதலில் குறைக்கப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்று அந்தக் கரை

இன்று அங்கே போகிறவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் தெரியாது. கரையோர நடைபாதையில் நாள் முழுவதும் கூட்டம். கழியைக் கடக்கச் சிறு படகுகள். 2009-ல் திறந்த ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. சதுக்கத்தில் ஆளுயரத்தைவிட மூன்று மடங்கு பெரிய இரண்டு சிட்டுக்குருவிச் சிலைகளைச் சுற்றிக் குழந்தைகள் ஓடுகின்றன. கரை யாருடைய தனிச்சொத்தும் இல்லை. கோடி டாலர் வீட்டில் இருப்பவரும் ஊரின் மறுமுனையிலிருந்து வந்தவரும் ஒரே மரப்படியில் உட்காருகிறார்கள். வெப்ப வலையமைப்பு அக்கம்பக்கத்துப் பகுதிகளுக்கும் நீண்டுவிட்டது.

வராதவையும் உண்டு. டிராமுக்கு ஒதுக்கிய பாதையில், 2010 விளையாட்டை ஒட்டி இரண்டு மாதங்கள் பிரஸ்ஸல்ஸிலிருந்து இரவல் வந்த வண்டிகள் ஓடின. மக்கள் ஆசையாக ஏறினார்கள். அதன் பிறகு அந்தச் சேவை தொடரவில்லை. பள்ளிக்கென ஒதுக்கிய மனை, வீடுகள் நிறைந்து பத்தாண்டுகள் கடந்த பிறகும் வெற்றிடமாகவே கிடந்தது. குடும்பங்கள் வாழ ஏற்ற இடம் என்று விளம்பரப்படுத்திய பகுதியில் பிள்ளைகளை வேறு பகுதிக்குப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பள்ளிக்கு நிதி கொடுப்பது மாகாண அரசு, நிலத்தை ஒதுக்குவது நகரம். மனையை ஒதுக்கியவுடன் பள்ளி வந்துவிடாது என்பதைத் திட்டமிட்டவர்கள் அறிந்தே இருந்தார்கள், ஆனாலும் திட்டத்தில் அதற்கு ஒரு தேதியோ பொறுப்போ எழுதப்படவில்லை.

வந்தவற்றையும் வராதவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. கழிவுநீர் வெப்பம், தீவு, ஈரநிலம், பொதுக்கரை ஆகியவை நிதி நெருக்கடியின் நடுவிலும் தப்பின. அவை துணைவிதியிலோ மீன்வளச் சட்டத்திலோ இருந்தன, அல்லது கட்டடங்களுக்கு முன்பே மண்ணில் இறங்கியிருந்தன. வெட்டுப்பட்ட மலிவு வீடுகளோ மன்றத் தீர்மானத்தால் மாற்றக்கூடிய வெறும் விழுக்காடாக இருந்தன.

மறுபடி செய்வதானால்

முதலாவது நிலம். நகரத்துக்குச் சொந்தமான நீர்முகப்பு நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டிருக்க வேண்டும். கட்டுநருக்கு உச்ச விலைச் சுமை இருந்திருக்காது, சந்தை சரிந்தபோது நகரத்தின் கையில் பேரம் பேச வலு இருந்திருக்கும். குத்தகையிலும் சிக்கல் இல்லாமலில்லை. தென்கரையின் அறுபதாண்டுக் குத்தகைகள் 2036-லிருந்து முடியத் தொடங்குகின்றன, அங்கே வாழ்பவர்கள் அடுத்து என்ன என்று தெரியாமல் கவலையில் இருக்கிறார்கள். ஆகவே புதுப்பிப்பு விதியையும் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அப்படியிருந்தும் குத்தகைதான் என் தேர்வு. அறுபது ஆண்டுகள் கழித்துப் பேச ஒரு நிலமாவது இருக்கும்.

அடுத்து, விளையாட்டுக் கெடுவையும் புதிய தொழில்நுட்பத்தையும் ஒரே கட்டடத்தில் சேர்த்திருக்கக் கூடாது. வீரர்களுக்குத் தேவை சில வாரங்கள் தங்க நல்ல அறை. அதற்கு வழக்கமான, நன்கு தெரிந்த வெப்ப அமைப்புள்ள சில கட்டடங்கள் போதும். கூரைக் குழாய் முறையை இரண்டு கட்டடங்களில் மட்டும் செய்து, ஒரு குளிர்காலம் அளந்து, குடியிருப்பவரிடம் கேட்டுத் திருத்திவிட்டு மற்றவற்றுக்குக் கொண்டுபோயிருக்கலாம். மைய வெப்ப நிலையம் கெடுவைத் தாக்குப்பிடித்ததற்குக் காரணமே, அது ஒரே இடத்தில், நகரப் பொறியாளர்களின் நேரடிப் பொறுப்பில் இருந்ததுதான்.

தரைத்தளக் கடைகளுக்கு முதல் சில ஆண்டுகள் வாடகையைக் குறைத்தோ, நகரமே எடுத்து உள்ளூர்ச் சிறு வணிகர்களுக்குக் கொடுத்தோ, முதல் குடும்பம் வரும் நாளில் பாலும் ரொட்டியும் கிடைக்கும்படி செய்திருக்கலாம். குடியிருப்பின் மொத்தச் செலவில் இது சிறு தொகை.

கடைசியாக மலிவு வீடுகள். இவற்றின் கட்டுமானத்தை ஆடம்பர வீடுகளைக் கட்டும் அதே ஒப்பந்தத்துக்குள் வைத்ததால், அவற்றின் செலவும் இவற்றின் தலையில் ஏறியது. தனி மனை, தனி நிதி, கூட்டுறவுச் சங்கம் முதல் நாளிலிருந்தே கட்டுநராக இருக்கும் தனி ஒப்பந்தம் என்று பிரித்திருக்க வேண்டும். வெப்ப வலையில் இணையாத கட்டடத்துக்கு அனுமதியில்லை என்று எழுதிய அதே துணைவிதியில், மலிவு வீடுகளுக்கு அடித்தளம் போட்டு நிதி உறுதியாகும் வரை விற்பனை வீடுகளுக்குக் குடியேறும் சான்று கிடையாது என்று இன்னொரு பிரிவும் சேர்த்திருக்கலாம். நீர்க்கரையில் இனி பொது நிலத்தைத் திறக்கும் எந்த நகரமும் அந்தப் பிரிவை ஏலத்துக்கு முன்பே எழுதிவிட முடியும். ஏலத்துக்குப் பிறகு எழுதினால், விலை பேசியவர் அதை ஏற்க மாட்டார்.